இரு அறைகளுக்கு நடுவே பதினோரு அடி

கட்சி அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. எல்லாருக்கும் அவர் ‘தபால்’. பதவியோ அலுவலகச் செயலாளர். ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது ஆண்டுகளாக அதே நாற்காலி, அதே மேசை. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட, அலுவலகத்தின் இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள நடைவழியில் நடந்த நேரமே அதிகம். அதன் நீளம் பதினோரு அடி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அளந்துவிட்டார்.

அவருடைய கட்சி பிறவியிலேயே இரண்டு. தனித்தனியாக நின்று தோற்றுக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள், எதிரி ஒருவனே என்ற ஒரே காரணத்தால் ஒன்றாயின. முன்னறையில் உட்காருபவர்கள், அரசாங்கம் மனிதனின் கடையிலும் வீட்டிலும் புத்தகத்திலும் படுக்கையிலும் கை வைக்கக் கூடாது என்பவர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இரும்புக்கடைக்காரர். பின்னறையில் உட்காருபவர்கள், குடும்பமும் ஒழுக்கமும் குலைந்தால் ஊரே குலையும், அவற்றைக் காப்பது அரசாங்கத்தின் கடமை என்பவர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரு தரப்பும் தொடக்கத்தில் ஒரே அறையில்தான் கூடின. மூன்றாவது கூட்டத்தில் ஒரு நாற்காலியின் கால் உடைந்தது. உடைத்தது யார் என்பதில் இன்றுவரை இரண்டு கருத்துகள் உண்டு.

அதன்பின் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வியாழக்கிழமைதோறும் இரு தரப்பும் தத்தம் அறையில் அமரும். தீர்மானத் தாளை இவர் எடுத்துச் செல்வார். முன்னறைக்குப் பிடிக்காத வரி சிவப்பு மையால் அடிபடும். பின்னறைக்குப் பிடிக்காதது பச்சை மையால். தாள் மூன்று முறை போய்வந்தும் எவரும் அடிக்கவில்லையென்றால் அது கட்சியின் முடிவு. நகராட்சியில் பெரும்பான்மை இவர்களுடையது என்பதால், அடுத்த திங்கட்கிழமை அதுவே ஊரின் விதி. தாளைச் சுமப்பவர் அதில் ஒரு புள்ளி வைக்கவும் உரிமையில்லாதவர்.

ஆனால் வாய்க்குத் தடையில்லை. “இப்படிப் போட்டா அவங்க ஒத்துக்குவாங்க” என்று கதவருகில் நின்று அவர் மெல்லச் சொல்லும் ஒரு வரிக்காகவே இரு அறைகளும் காத்திருக்கத் தொடங்கின. நூலகத்தில் சில புத்தகங்களை நீக்க வேண்டுமென்று பின்னறையும், ஒன்றைக்கூட நீக்கக் கூடாதென்று முன்னறையும் ஐந்து வாரம் மல்லுக்கட்டியபோது, அவற்றை மேல்தட்டில் வைக்கலாம் என்று சொன்னவர் இவர்தான். இரு தரப்பும் மகிழ்ந்தன. நூலகத்தில் ஏணி இல்லை என்பதை அதன்பின் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இவரும்தான். வேலை முடிந்தது என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனார்.

அவருக்கு ஒரே மகள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. நான்கு ஆண்டுகளாக ஒரு பேருந்து ஓட்டுநரோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள். திருமணம் ஆகவில்லை, ஆக முடியாது. அவனுடைய முதல் மனைவியோடான விலக்கு வழக்கு நீதிமன்றத்தில் ஆறாண்டுகளாகத் தேதி மாறிக்கொண்டேயிருந்தது. அக்கம்பக்கத்தாரிடம் மகள் விடுதியில் தங்கியிருப்பதாக அவர் மனைவி சொல்லி வைத்திருந்தாள். அலுவலகத்தில் அவர் எதுவுமே சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும், பார்வையாளர் நேரத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவரைப்போல, பழங்களோடு அந்த மாடிப்படி ஏறுவார். வீட்டின் சொந்தக்காரர் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பின்னறை உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கும் என்பதால், இவர் வந்துபோவதை அவர் பார்த்ததில்லை.

இந்நிலையில்தான் தலைமையாசிரியை அந்தத் தீர்மான வரியைக் கொண்டுவந்தார். திருமணப் பதிவு இல்லாத ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து வீடு வாடகைக்கு விடக் கூடாது, நகராட்சி ஆய்வாளர் வந்து சரிபார்ப்பார், ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு ஆறு மாதக் கெடு, மேல்முறையீடும் உண்டு.

தாள் முதல் முறை முன்னறைக்குப் போனபோது இரும்புக்கடைக்காரர் அடித்த சிவப்புக் கோட்டில் காகிதமே கிழிந்தது.

“நகராட்சிக்காரன் வந்து கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு சான்றிதழ் கேப்பானா? போய்ச் சொல்லு தபாலு, இது கட்சியா காவல் நிலையமான்னு.”

அன்று நடைவழியில் திரும்பி வந்தவருக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மூன்று வாரங்கள் சிவப்புக் கோடு தவறாமல் விழுந்தது. நான்காம் வியாழன் நிலைமை மாறியிருந்தது. கடைகளுக்கான உரிமச் சோதனையை ஒழிக்க வேண்டுமென்பது முன்னறையின் நெடுநாள் கனவு. அதற்குப் பின்னறையின் சம்மதம் வேண்டியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று பேச்சு நடந்திருக்கிறது போலும். தாள் முன்னறைக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் கோடில்லாமல் திரும்பியது. இரும்புக்கடைக்காரர் இவர் முகத்தைப் பார்க்காமலேயே தாளை நீட்டினார்.

இன்னும் ஒரு சுற்று. நடைவழியின் நடுவில், தண்ணீர்ப் பானை வைத்திருந்த முக்காலியருகே அவர் நின்றார். பத்தொன்பது ஆண்டுகளில் அங்கே நின்றது அதுவே முதல் முறை. மாடி வீட்டின் கதவை ஆய்வாளர் தட்டுவது அவர் கண்முன் வந்தது. கண்ணாடிக் கடைக்காரரோ சாது. நான்காண்டில் ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த நினைப்பில்தான் அவருக்கு வழக்கமான அந்த ஒரு வரி தோன்றியது.

பின்னறைக் கதவருகில் நின்று சொன்னார்: “டீச்சர், தடைன்னு போட்டா நாளைக்கே முன்னறை மனசு மாறலாம். ஆய்வாளரும் வேணாம், தடையும் வேணாம். வீட்டுக்காரர் விருப்பத்துக்கே விட்டுட்டா அவங்க எப்பவும் மாற மாட்டாங்க.”

தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் அறையிலிருந்தவர்களைப் பார்த்தார். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாடகை வீடுகளின் சொந்தக்காரர்கள்.

“நல்ல யோசனை தபால். விருப்பம்னு சொல்லிட்டா அப்புறம் ஆறு மாசக் கெடு எதுக்கு? விசாரணை எதுக்கு? அவங்க பாஷையிலயே முழுசா எழுதிடுவோம்.”

தடையும் ஆய்வாளரும் மட்டுமல்லாமல், கெடுவும் மேல்முறையீடும் பச்சை மையில் அடிபட்டன. குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டுமானால் நகராட்சியில் காரணம் காட்டி விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும் என்றிருந்த பழைய விதியும் சேர்ந்து ரத்தானது. வீட்டுக்காரர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் ஏழே நாள்.

முன்னறையில் இரும்புக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். பேரத்துக்கு இணங்கியதால் உறுத்திக்கொண்டிருந்த மனச்சாட்சிக்கு மருந்து கிடைத்துவிட்டது. “இதத்தான்யா இத்தன வருஷமா சொல்றேன். அவனவன் வீடு, அவனவன் முடிவு.”

“ஆறு மாசக் கெடு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே சார்” என்றார் இவர்.

“கெடு வைக்கிறது யாரு? அரசாங்கம். அதத்தானே வேணாங்கறோம்.”

தாள் மூன்று முறை போய்வந்தது. தன் கையாலேயே ஆறு தடவை அதை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் கோடில்லாமல் வாங்கினார். அன்று இரு அறைகளின் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. நடைவழியில் எல்லாரும் கூடித் தேநீர் குடித்தார்கள். உடைந்த நாற்காலியைப் பற்றிக்கூட யாரோ வேடிக்கையாகப் பேசினார்கள். இரும்புக்கடைக்காரர் இவர் தோளைத் தட்டினார். தலைமையாசிரியை, தபால் இல்லாவிட்டால் கட்சியே இல்லை என்றார்.

திங்கட்கிழமை அது விதியானது. செவ்வாயன்று அவர் இரும்புக்கடைக்குப் போய், கம்பிக் கட்டுகளுக்கு நடுவே நின்று, எவரிடமும் சொல்லாததைச் சொன்னார். கடைக்காரர் அதிர்ச்சி அடையவில்லை. அவள் யாரோடு வாழ்கிறாள் என்பது அவள் விஷயம், அதில் குறை சொல்ல எவனுக்கும் உரிமையில்லை என்று உண்மையான பரிவோடு சொன்னார். அப்படியானால் கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று இவர் கேட்டதும், அதே பரிவோடு கையை விரித்தார்.

“அவர் வீடு அண்ணே. நான் எப்படிச் சொல்றது? உங்க பொண்ணு விஷயத்துல தலையிட மாட்டேன்னா, அவர் விஷயத்துலயும் தலையிடக் கூடாது இல்லியா?”

கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை.

புதன்கிழமை கண்ணாடிக் கடைக்காரரே அலுவலகத்துக்கு வந்தார். விதியின் சான்றிட்ட நகல் ஒன்று வேண்டும் என்றார். யாரும் கேட்காமலே விளக்கமும் சொன்னார்: “எனக்கு மனசே இல்ல தபாலண்ணே. மாடியில இருக்குறது நல்ல பொண்ணு, வாசல்ல செருப்புகூட ஒழுங்காத்தான் விடும். முன்னாடியெல்லாம் நம்மாளுங்க காலி பண்ணச் சொன்னா, நகராட்சி விடாது, விசாரணைன்னு இழுப்பாங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். இப்ப விருப்பம் என்னோடதுன்னு ஆயிடுச்சு. ‘அப்ப உனக்கு விருப்பமா?’ன்னு டீச்சர் நேராவே கேட்டுட்டாங்க.”

அந்தப் பெண் யாருடைய மகள் என்பது அவருக்குத் தெரியாது. செயலாளர் நகலை எடுத்து, எழுத்துப் பிழை உண்டா என்று பழக்கத்தால் ஒரு முறை சரிபார்த்து, முத்திரை குத்திக் கையெழுத்திட்டார். தேதி போட மறந்ததைக் கண்ணாடிக் கடைக்காரர்தான் நினைவூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பழங்கள் இல்லாமல் போனார். மாடிக் கதவில் அந்த நகல் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே ஓட்டுநர் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தான். மகள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏழு வீடுகள் கேட்டுப் பார்த்தாகிவிட்டது என்றாள், எவருக்கும் விருப்பமில்லையாம். மருத்துவமனை விடுதியில் அவளுக்கு மட்டும் ஒரு படுக்கை கிடைத்திருக்கிறது. அவன் பணிமனை ஓய்வறையில் படுத்துக்கொள்வான். அம்மா ஊரெல்லாம் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டோம் என்று சிரிக்கப் பார்த்தாள்.

பிறகு நிமிராமலேயே கேட்டாள்: “நகல்ல உங்க கையெழுத்து இருக்கேப்பா?”

“ஆமாம்மா.”

“அத்தன பேர் நடுவுல ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் சுவரிலிருந்து நிலைக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆணியிலிருந்து அது விடுபட்டதும், கீழே வைக்க இடம் தேடினார். இடமில்லை.

“சொன்னேம்மா” என்றார். “நான் சொன்னதுதான் அது.”

மகள் கையிலிருந்த தட்டைச் சுற்றாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, காலால் படியைத் துழாவித் துழாவி இறங்கினார். ஏழு நாள் முடியுமுன்னரே அன்று வீடு காலியாவதால் கண்ணாடிக் கடைக்காரர் கீழே நின்றிருந்தார். இவரைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். சாமான்கள் இடிபடாதிருக்க, தெருக்கதவை விரியத் திறந்து, இவர் கடந்துபோகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.