பாடத்துக்குள் ஏறிய பச்சை லாரி

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு நாலு தண்ணி லாரிக்குச் சொந்தக்காரன். யார் கையையும் எதிர்பார்க்காமல் மேலே வந்தவன் என்று ஊரே சொல்லும். சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். ஆனால் இது என் மருமகள் கதை.

அவள் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர். தற்காலிக வேலை. தலைமையாசிரியை ஒருநாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார், பிடித்தால்தான் நிரந்தரம். அந்த வகுப்போ, கணக்கு என்றாலே வாயைத் தைத்துக்கொள்ளும்.

அதற்காக இணையத்திலிருந்து ஒரு பாடத்தை இறக்கியிருந்தாள். நீச்சல்குளம் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று கணக்கு.

"யாரோ எழுதினதை எடுக்கிறியே, திருட்டு இல்லையாம்மா?"

"இல்ல மாமா. எடுத்துக்கோ, உன் பிள்ளைங்களுக்குத் தக்கபடி மாத்திக்கோ, என் பேரை மட்டும் போட்டுடுன்னு எழுதினவங்களே சொல்லியிருக்காங்க. ஆனா எங்க பிள்ளைங்க நீச்சல்குளத்தையே பார்த்ததில்லையே!"

"அப்போ என் லாரியைப் போடு. திறந்துவிட்டா கால் மணியில தெருத்தொட்டி நிரம்பிடும்!"

குளம் போனது, லாரி வந்தது. என் பச்சை லாரியைப் படமெடுத்து ஒட்டினாள். அடியில் அந்த முகம் தெரியாத வாத்தியார் பேரையும் மறக்காமல் போட்டாள்.

என் லாரியைப் பாடமாக நடத்தும்போது நான் வீட்டில் இருப்பேனா? அன்றைக்குப் பள்ளிக்கூடத் தொட்டிக்குத் தண்ணி லாரியை நானே ஓட்டிப்போனேன். ஜன்னலோரம் நின்றேன். பின்பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார்.

"லாரி கால் மணியில் தொட்டியை நிரப்பினால்..." என்று தொடங்கினாள். முன்பெஞ்சு வாலு ஒருத்தி துள்ளி எழுந்தாள்.

"பொய் டீச்சர்! தினமும் குடத்தோட நிக்கிறோமே, முக்கால் மணி ஆகும்!"

"ஓஸ் பைப் பூரா ஓட்டை! பாதித் தண்ணி ரோட்டுக்குத்தான்!"

"டிரைவர் அண்ணன் போன் பேசுற நேரத்தையும் கூட்டிக்கோங்க டீச்சர்!"

ஊமை வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. மருமகள் முகம் வெளுத்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். அவள் ஜன்னலில் என்னை ஒரு பார்வை பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"சரி, பாடத்தை நீங்களே திருத்துங்க. மாத்தத்தானே குடுத்திருக்காங்க! லாரி வெளியிலதான் நிக்குது."

வாளியும் கடிகாரமுமாக வகுப்பே வெளியே ஓடியது. நான் திறந்துவிட்டேன். பைப் வாயிலிருந்து விழுகிறதை ஒரு கூட்டம் அளந்தது, ஓட்டையில் ஒழுகுகிறதை இன்னொரு கூட்டம். "ஒழுகினதைக் கழிச்சியா?" என்று தலைமையாசிரியையே சேலை நனைய ஒருவனோடு மல்லுக்கு நின்றார். மணி அடித்தும் ஒருத்தரும் நகரவில்லை.

"நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிடறேன்மா," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, அந்தப் பைப்பை மாத்திடுங்க."

"வேணாம் தாத்தா!" என்றாள் வாலு. "ஏழாம் வகுப்புக்கும் கணக்கு வேணும்ல!"

கால் மணி என்று நான் சொன்னது பைப் புதுசாக இருந்தபோது போட்ட கணக்கு. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திருத்திய பாடத்தை மருமகள் இணையத்தில் ஏற்றினாள். முதலில் அந்த வாத்தியார் பேர், அடுத்து அவள் பேர், அதற்கடுத்து ஆறாம் வகுப்பு.

"என் பேர் எங்கம்மா?"

"படத்தைப் பாருங்க மாமா. லாரி மேலேயே இருக்கே!"

பார்த்தேன். அந்தப் பாடத்திலேயே பெரிய எழுத்து அதுதான்.