உத்தரத்துக் கயிறு

பதுளையில் நான் எடுக்கும் பௌதிகவியல் டியூசன் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மிஸ், கப்பி கரடா இருந்தா ரெண்டு பக்கமும் இழுவை ஒரே அளவா இருக்காதா?"

"இருக்காதும்மா. உராய்வும் கயித்தக் கொஞ்சம் புடிச்சிக்கும்" என்றேன். சொன்ன வாயில் பழைய புகைக்கரி கசந்தது.

சின்ன வயதில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஒற்றை அறைக் காம்பராக்களைப் பிரித்த சுவர் கூரையை எட்டாது. அம்மா கொழுந்து நிறுவை முடிந்து வரும்வரை நான் தனியாக இருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் தோழி செல்வியும் தனிதான். சுவருக்கு மேலே போன உத்தரத்தில் ஒரு சணல் கயிற்றைப் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்திருப்போம்.

"செல்வி, இருக்கியா?"

"இருக்கேன்டி, இழு!"

கயிறு உரச உரச, உத்தரத்துப் புகைக்கரி உதிர்ந்து வாயிலும் கண்ணிலும் விழும்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவர்கள் காம்பரா பூட்டிக் கிடந்தது. "அவங்க எல்லாரும் கொழும்புக்கே போயிட்டாங்க புள்ள" என்றார் மாலையில் வேலை முடிந்து வந்த அம்மா.

நான் நம்பவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை, விறைத்து நின்றது.

"இல்லம்மா, அவ புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கா."

அதன்பின் தினமும் அந்தக் கயிற்றை இழுத்தேன்.

"மிஸ், அப்போ மறுமுனையில யாருமே இல்லாட்டியும் கயிறு நிக்குமா?"

"நிக்கும்மா" என்றேன். "மெதுவா இழுத்தா நிக்கும். நான் மெதுவாத்தான் இழுப்பேன்."