ஈஸியான பாதை

அருவிப் பாதையின் வாசலில் சீட்டுக் கிழிக்கும் மனிதருக்கு ‘ஈஸி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர்கள்மேல் தப்பில்லை. முட்டிவலிக்காரர் வந்தாலும், கைக்குழந்தைக்காரி வந்தாலும், “ஏறிடலாமா?” என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். “ஈஸிதான். நிழல், நல்ல பாதை. பேசிக்கிட்டே போயிடலாம்.” கேட்டவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

வீட்டிலும் இதே பாட்டுத்தான். கல்யாணமான புதிதிலேயே மனைவி, “என்னை எப்பங்க அருவிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?” என்று கேட்டாள்.

“அது எங்க ஓடிடப் போகுது? ஈஸியான பாதை, எப்ப வேணா போயிக்கலாம்” என்றார். லீவு நாளிலும் அந்தக் காட்டு முகத்திலேயே முழிக்க வேண்டுமா என்று அவருக்கு அலுப்பு. அவளும் தையல் மெஷினும் மகளுமாக இருந்துவிட்டாள். மகளும் கல்யாணமாகிப் போனாள். அருவி அங்கேயேதான் இருந்தது. அவளுடைய நுரையீரல்தான் கெட்டுக்கொண்டே வந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “அடுத்த வாரம் வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வந்துடும். அப்புறம் அந்தக் குழாய் எட்டுற தூரம்தாம்மா நடமாட்டம்.”

ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது அவள், “அதுக்குள்ள அருவியைப் பாத்துடணுங்க” என்றாள்.

மறுநாளே லீவு போட்டு அழைத்துப்போனார். முதல் வளைவு வரை கேலியும் பேச்சும்தான். அதற்குப் பிறகு பாதை இத்தனை மேடு என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. மரப்பாலம் தாண்டியதும் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. அருவிச் சத்தம் நன்றாகவே கேட்டது.

“முதுகுல ஏறிக்கோ” என்று குனிந்தார். அவள் தோளைப் பிடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. “இப்ப உங்களத் தூக்க ஆள் தேடணும்” என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க மறுத்தது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், துண்டால் விசிறினார். மேலேயும் கூட்டிப்போக முடியாது, அவளுக்காக மூச்சு விடவும் முடியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து, குளித்து முடித்த ஒரு பெண் சொட்டச் சொட்ட இறங்கி வந்தாள்.

“அட, டிக்கெட் அண்ணனா! போன தடவை நீங்க ஈஸின்னு சொன்னப்ப நான் நம்பல. நிஜமாவே ஈஸிதான்ணே!” என்றாள். பிறகு அவர் மனைவியிடம், “இதோ, அந்தத் திருப்பம்தாம்மா” என்று சொல்லி, ஈரத் தலையை உதறி முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மனைவியின் கன்னத்திலும் கையிலும் தண்ணீர் தெறித்திருந்தது. துடைக்கத் துண்டை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்ங்க. அருவித் தண்ணிதானே.”

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் கன்னத்துத் தண்ணீர் காய்வதைப் பார்த்தபடி நின்றார்.