துரைமாருக்குக் குதிரை, அம்மாவுக்கு ஸ்கி

வெள்ளைக்காரன் வேலைக்கு ஆள் எடுக்கிற விதம் பெரியமாமாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நம்பாத ஒரே ஆள் அம்மா. வேலைக்குப் போகவேண்டியவரும் அவர்தான்.

பயிர் நோய்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கிய அம்மா, அப்போது நோர்வேயில், நாங்கள் குடியிருந்த வெஸ்ட்லியில் ஒரு பாலர் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பம் போட்டுப் போட்டுச் சலித்துப்போயிருந்த நேரத்தில், அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று முதன்முறையாக அவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. உருளைக்கிழங்கு நோய் ஆராய்ச்சி. இதுவும் தவறினால் இனி விண்ணப்பமே போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டதும் மாமா நகரத்தின் மறுகோடியிலுள்ள ஹவுகெட்டோவிலிருந்து வந்து இறங்கிவிட்டார். அம்மாவின் தமையன், நகரப் பேருந்து ஓட்டுநர். சீருடையைக்கூடக் கழற்றவில்லை.

“இலங்கையில கோப்பித் தோட்டமெல்லாம் நோய் விழுந்து அழிஞ்சபோது துரைமார் லண்டனில விஞ்ஞானி தேடினவங்கள். நல்லாப் படிச்சவன் காய்ச்சலுக்குப் பயந்து வரமாட்டன் எண்டிட்டான். வந்தவனிட்டை என்ன கேட்டவங்கள்? குதிரை ஓடத் தெரியுமோ, கிரிக்கெட் விளையாடத் தெரியுமோ! படிப்புக் கிடக்கட்டும் பிள்ளை, தங்கடை ஆள்மாதிரி இருக்கோணும் எண்டு பார்ப்பாங்கள்.”

“நோர்வேக்காரரே அண்ணை இலங்கையை ஆண்டவை?” என்றார் அம்மா.

“எல்லாம் ஒண்டுதான். இஞ்சை குதிரைக்குப் பதிலா ஸ்கி.”

சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த காட்டுக்குப் போனோம். மாமா வாழ்நாளில் பனிச்சறுக்குப் பலகையில் கால் வைத்தவரல்லர். சப்பாத்தோடு பனியில் நின்று, “முழங்காலை மடி! மடி!” என்று கத்தினார். ஏழு வயதான எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா சின்னச் சரிவொன்றில் சர்ரென்று போய், ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஐயோ, அன்று மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

மாவுக்கட்டோடுதான் அம்மா நேர்முகத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் கைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்களாம். அவர் உள்ளதை உள்ளபடி சொல்ல, கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிறகு உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் கதைக்கவில்லை.

“பார்த்தியளோ, முதல் கேள்வியே ஸ்கியைப் பற்றித்தான்!” என்றார் மாமா. அம்மா அவரை முறைத்தார்.

அடுத்த கிழமை மாமா வந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அம்மா “யா, யா” என்றே சொல்லிக்கொண்டு நின்றார். வைத்துவிட்டு, “கிடைச்சிட்டுது” என்று சொல்லி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா! வீட்டுக்குள் அதுவரை யாருமே ஒழுங்காக மூச்சுவிடவில்லை போலிருந்தது. அப்பா பாயசத்துக்குச் சேமியா தேடினார். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

மாமா மட்டும் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

“மாமா, வேலை அம்மாவுக்குத்தானே கிடைச்சது?”

“ஓம் குஞ்சு. எங்களில ஒராளுக்கெண்டாலும் கிடைச்சுதே.”

எங்களில் என்று யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் அம்மாவும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே படிப்புப் படித்தவர்கள் என்பதோ, அவரை ஒரு நாளும் ஒருவரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. மாமா பேருந்து ஓட்டுவதற்கென்றே பிறந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன்.