சன்னாசியின் லெசித்தின் புட்டி

மலாயாவில் சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், வீரம்மா பால்மரம் சீவிக்கொண்டிருந்தாள். சரியான வாயாடி, கங்காணியே அவளைக் கண்டால் வழிமாறிப் போவார். எனக்குச் சின்னம்மா முறை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் புருஷன் சன்னாசி மலேரியாவில் கிடந்து எழுந்தான். காய்ச்சல் போனது, கை நடுக்கம் போகவில்லை. உளி பட்டையைத் தாண்டி மரத்தைக் குத்தியது. மாதக் கடைசிக்குள் கை நடுக்கம் நிற்காவிட்டால் புல்வெட்டு வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்திலேயே நேர்த்தியாகச் சீவுகிறவனுக்கு அதைவிட அவமானம் உண்டா?

வீரம்மா தீ மிதிப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினாள். பத்து நாள் வீட்டில் கவிச்சி கூடாது. மறுநாளே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சவரிநாதன் ஒரு புட்டியை நீட்டினார்.

"இது லெசித்தின்மா. முட்ட மஞ்சக் கருவுல எடுத்த சத்து. நம்ம மூள, நரம்புலயும் இதான் இருக்கு. காய்ச்சல்ல கொறஞ்சத ஈடுகட்டும்னு பெரிய டாக்டர் சொல்றாரு. தினம் ரெண்டு கரண்டி."

பலிக்குமோ பலிக்காதோ, அந்தக் காலத்து நம்பிக்கை அது.

"முட்டையா? ஐயையோ! காப்புக் கட்டின வீடாச்சே, ஐயா!"

வேறொருத்தியாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இவள் புட்டியைச் சன்னாசியிடம் கொடுத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து லயத்து வரிசையில் இருந்த கருப்பம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். காப்பு தனக்குத்தானே, அவனுக்கு இல்லையே என்பது அவள் கணக்கு. தினமும் வாசலுக்கு வெளியே நின்று கத்துவாள்.

"குடிச்சியாய்யா?"

"குடிச்சேன் புள்ளே."

பத்தாம் நாள் தீ மிதித்தாள். காலில் சாம்பலோடு நேரே வீட்டுக்கு வந்தாள். தகரப் பெட்டிக்குப் பின்னால் புட்டி இருந்தது, மூடிகூடத் திறக்காமல்.

"அட பாவி மனுசா! இத்தன நாளும் பொய்யா சொன்ன? நாளக்கழிச்சு மாசக் கடைசிய்யா!"

சன்னாசி அவளை உட்காரவைத்து, நடுங்கும் விரலால் உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"நீ எங்க படுத்தா என்ன, என் பொண்டாட்டிதானே. நான் முட்டயத் தின்னு, நெருப்பு உன்னச் சுட்டுட்டா? கை போனா புல்லு வெட்டலாம்லா. உன் காலுக்கு நான் எங்க போவேன்?"

வாயாடி வீரம்மா ஓவென்று அழுதாள். காப்பு அவிழ்த்த கையோடு மருந்தைக் கரண்டியில் ஊற்றி அவளே ஊட்டினாள்.

இரண்டு நாள் மருந்தில் என்ன ஆகும்? மாதக் கடைசியில் சன்னாசி புல்வெட்டுக்குத்தான் போனான். வீரம்மா தன் உளியைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு, மண்வெட்டியோடு போய் அவன் பக்கத்து நிரையில் நின்றாள்.