அரக்கு நிறமும் தபால்தலை அளவுக் காமிராவும்

ஈயம் உருகும்போது எழும் ரோசனப் பிசின் புகை... அதோடு பக்கத்து வீட்டுச் சாயத்தொட்டியின் ஆவி. 2007இல் எங்கள் மாடித் தகரக் கொட்டகையின் வாசனை இந்த இரண்டும்தான்.

தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கொட்டகையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஈயம் பற்றவைக்கும் கோல். ஆரணியில் எங்கள் தெருவில் என் பெயரே ‘டெலிபோன் சார்’.

பக்கத்து வீட்டுச் சரோஜா பட்டுத்தறி வைத்திருந்தார். அவருடைய ஒரே மகள் வனிதா, தெள்ளார்ப் பக்கத்து வேறு சாதிப் பையனைத் தானாகவே திருமணம் செய்துகொண்டு சிங்கப்பூர் போய்விட்டாள். 2003 என்று தெருவில் சொல்வார்கள். அது தவறு. 2004 பிப்ரவரி.

அதன்பின் மூன்று ஆண்டுகள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

2007 மே மாத இறுதியில் வனிதாவே போன் செய்தாள். ஐந்தாவது மாதமாம். வளைகாப்புக்கு அம்மா நெய்த புடவைதான் வேண்டுமாம். நிறத்தை மட்டும் அவள் கண்ணால் பார்த்துச் சொல்வாளாம்.

சரோஜா என்னிடம் வந்தார். “சார், உங்க கம்ப்யூட்டர்ல நூலக் காட்ட முடியுமா?”

முடியும் என்றேன். வேலூர் போய், டப்பாவின் மேல் பெரிய மெகாபிக்சல் எண் அச்சிட்ட, பளபளப்பான காமிரா ஒன்றை வாங்கி வந்தேன். எண்ணைப் பார்த்து வாங்கினேன்... நண்பர்களே, அதுதான் நான் செய்த பிழை.

ஜூன் 10, ஞாயிறு, காலை பதினொரு மணி. சரோஜா தன் கையால் சாயமேற்றிய அரக்கு நூல் சிட்டத்தைக் காமிரா முன் பிடித்தார். வனிதா தன் பக்கத்துக் காமிராவைப் போடவில்லை. குரல் மட்டும் வந்தது.

“இன்னாம்மா இது, கத்திரிப்பூ கலரா கீது?”

“அரக்குடி. சாயம் போட்ட எனக்குத் தெரியாதா?”

“நான் பாத்துகினுதானே இருக்கேன். நீ சொல்றத நான் நம்பணும், நான் சொல்றத நீ நம்பவே மாட்ட. எப்பவும் இதே பேஜார். புடவையே வேணாம், வுடு.”

இணைப்பு அறுந்தது. சரோஜா சிட்டத்தை முறுக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “அவ்ளோதான் சார், இனிமே பேச மாட்டா” என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார்.

மானிட்டரைப் பார்த்தேன். வனிதா சொன்னது சரி. சரோஜா சொன்னதும் சரி. அந்தக் காமிரா நிறத்தைத் தானாகவே ‘திருத்தும்’ வகை. அதை நிறுத்த வழியில்லை. ஒரு முழத்துக்குள் எதை வைத்தாலும் மங்கலாகவும் காட்டியது. மூன்று ஆண்டுக்குப் பின் தொடங்கிய பேச்சை, நான் தேர்ந்தெடுத்த பொருள் கெடுத்துவிட்டது.

அந்த வாரமே பஸ் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சித் தெருவுக்குப் போனேன். இம்முறை எண்ணைக் கேட்கவில்லை. லென்ஸைக் கையால் திருக முடியுமா, தானியங்கி நிறத்தை அணைக்க முடியுமா, டியூப் லைட்டில் கோடு விழுமா... நாலைந்து கடைகளில் இதையே கேட்டேன். ஒரு கடைக்காரர் சலித்துப்போனார்.

“பொண்ணா பாக்கப் போறீங்க சார், இவ்ளோ கேள்வி கேக்குறீங்க?”

“ஆமாம், பெண்ணைத்தான்” என்றேன்.

கிடைத்தது, உறையில்லாத ஒரு யூஎஸ்பி மாட்யூல். தபால்தலை அளவுப் பச்சைப் பலகை, நான்கு ஒயர், திருகக்கூடிய சிறு லென்ஸ். டப்பாவும் இல்லை, அச்சிட்ட எண்ணும் இல்லை. சோப்பு டப்பாவில் துளையிட்டு அதைப் பொருத்தினேன். ஒரு சாண் தூரத்தில் பட்டு இழை தனித்தனியாகத் தெரியும்படி லென்ஸைத் திருகி, ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து இறுக்கினேன்.

வனிதாவுக்கு நானே போன் செய்து, குற்றம் காமிராவுடையது என்று விளக்கினேன். ஜூன் 24, ஞாயிறு, அதே பதினொரு மணிக்கு வர ஒப்புக்கொண்டாள்.

அன்றும் குரல் மட்டும்தான். நிறம் ஒப்பிட இரண்டு பக்கமும் ஒரே துணி இருந்தால் நல்லது என்றேன். “இங்கிருந்து நீ கொண்டுபோனது ஏதாவது உண்டா, வனிதா?”

அந்தப் பக்கம் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

“இருக்குது அங்கிள். அம்மாவோட அரக்குப் புடவை ரவிக்கை.”

சரோஜா நிமிர்ந்தார். “அத எலி இழுத்துகினு போச்சுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்...”

“எலிதான்மா. நான்தான்.”

சரோஜா கீழே போய், பெட்டியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து வந்தார். அதைக் காமிரா முன் விரித்தோம். வனிதா அங்கே ரவிக்கையைத் தன் மானிட்டரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் சிவப்பு... போதும்... இப்ப அதேதான்” என்று சொல்லச் சொல்ல, நான் காமிராவின் நிற அளவைத் திருத்தினேன். பிறகு நூல் சிட்டத்தை வைத்தோம்.

“இதுவேதாம்மா. இதுலயே போடு.”

அதற்குப் பிறகு, “ரவிக்கையக் காட்டட்டுமா?” என்றாள். அவள் காமிராவைப் போடத் தொழில்நுட்பத் தேவை எதுவும் இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மானிட்டரில் ரவிக்கை தெரிந்தது. அது மெல்ல இறங்கியபோது, பின்னால் வனிதாவின் முகம்.

“இளைச்சுட்டியேடி” என்றார் சரோஜா. நான் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன்.

ஆகஸ்டில் மாங்காய்க் கரையிட்ட அரக்குப் புடவை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது.

இப்போது சரோஜாவின் போனிலேயே மூன்று லென்ஸ். தறிக்காலில் சாய்த்து வைத்துவிட்டு, தினமும் மகளோடும் பேரனோடும் பேசிக்கொண்டே நெய்கிறார். மாடிக்கு வர வேண்டிய அவசியம் இல்லை... மாட்யூல் என் மேஜை இழுப்பறையில், அதே ஒரு சாண் தூரத்துக்குத் திருகியபடியே இருக்கிறது.

சென்ற மாதம் அவரிடம் கேட்டேன், போனில் நிறமெல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று.

“அத யாரு சார் பாக்குறா?” என்றார்.