பாதையில் வரவும்

"எழுத்துத் தெரிஞ்சா வழி தெரிஞ்சிருமா, தம்பி?" என்று அத்தை கேட்டாள்.

தன் தம்பியான என் அப்பாவிடம்தான் கேட்டாள். என்னிடம் நேராகக் கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். பதுளையில் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பை முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்பது அத்தையின் குறை. சொல்வேன், உண்மைதான்.

நீர்கொழும்புக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில், பெண்களை ஆசிரியைகளாகப் பழக்கும் சிஸ்டர்மார் மடம் ஒன்று இருந்தது. அதில் சேர அப்பாவின் பெருவிரல் அடையாளம் வேண்டும். விண்ணப்பம் மூன்று மாதமாகத் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். தேயிலைக் கொழுந்து குறைந்த மாதத்தில் தோட்டத்துத் துரையிடம் ஒரு முழுக் கிழமை லீவு கேட்பார். மூன்று பேரும் போய் மடத்தைப் பார்ப்போம், அந்த ஊர் மாதா கோயிலையும் கும்பிடுவோம். வழி முழுவதும் நான்தான் வாசித்துக் கூட்டிப்போக வேண்டும். ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் விரல் வைப்பார்.

அந்தக் கோயில் சாமியார் வழி எழுதி அனுப்பினார். "விடியற்காலையில் வாய்க்கால் பாலத்தடிக்கு வரவும். அங்கிருந்து பாதையில் வரவும். இரண்டு நாள் செல்லும்." தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். இரண்டு நாள் நடை என்று விளக்கமும் சொன்னேன்.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. தெமோதரையில் ஏறி, கொழும்பில் மாறி, நீர்கொழும்பில் இறங்கினோம். ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். அத்தை கேட்காதபோதும் சொன்னேன். மறுநாள் விடியும்போது பாலத்தடியில் நின்றோம். ஓலைக் கூரை போட்ட தட்டைப் படகு ஒன்று அங்கே கட்டியிருந்தது. வாய்க்கால் கரையோரம் ஒற்றையடிப் பாதை ஒன்று நேராகப் போனது. அதில் நடந்தோம்.

சற்று நேரத்தில் அந்தப் படகு எங்கள் பின்னால் வந்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் நீளக் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தோட்டத்து ஆக்கள்தானே? பாதையிலதானே வாறீங்க?"

"ஆமாங்க, பாதையிலதான் போறோம்," என்றேன்.

"அப்ப சரி."

அதற்குப் பிறகு அவர் எங்களை முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. நாங்கள் வெற்றிலை போட உட்கார்ந்தால் அவரும் கம்பை ஊன்றி நிறுத்தினார். எழுந்தால் கிளம்பினார்.

"தம்பி, அந்தாளு நம்மளையே பாத்துக்கிட்டு வாறான். புள்ளைய நடுவுல விட்டு நட," என்றாள் அத்தை. அப்பா குடையை வாய்க்கால் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

உச்சி வெயிலில் அத்தையின் குதிகாலில் கொப்புளம் வந்தது. படகிலிருந்து மீன் கறி மணமும் வந்தது. படகுக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"எப்பதான் ஏறப் போறீங்க? சோறு ஆறுது. நேர்த்தி ஏதும் வச்சு நடக்கிறீங்களா?"

"எதுலங்க ஏறணும்?" என்று அப்பா கேட்டார்.

"பாதையில!" என்று படகின் விளிம்பில் தட்டிக் காட்டினார்.

அந்தப் பக்கத்தில் அந்தத் தட்டைப் படகுக்குப் பேரே பாதை. சாமியார் எங்களுக்காகப் படகு சொல்லி வைத்திருந்தார். எங்களுக்கென்று வந்த படகுக்குப் பக்கத்திலேயே ஐந்து மணி நேரம் நடந்திருக்கிறோம்.

"கடுதாசிய இன்னொருக்கா வாசி," என்றார் அப்பா.

வாசித்தேன். அதேதான் போட்டிருந்தது. சாமியார் தெளிவாக எழுதவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்பா நம்பியிருப்பார். விண்ணப்பம் என் பைக்குள் இருந்தது.

"எழுத்தச் சரியாத்தான் வாசிச்சேன், அப்பா. அர்த்தம் எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். என் தப்புதான்."

அத்தை அதற்குள் படகில் ஏறி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தாள். "தெரியலன்னு சொல்லிட்டா. நாளக் குறிச்சு வச்சுக்க, தம்பி."

மிச்ச ஒன்றரை நாளும் உட்கார்ந்தே போனோம். இரண்டு பக்கமும் தென்னை, பிறகு கண்டல் மரங்கள், பிறகு மறுபடியும் தென்னை. ஏற்றம் இல்லை, இறக்கமும் இல்லை. கால் ஊன்றாமல் ஊர் நகர்வதை அத்தை சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு மேடு கெடையாது. இந்த ஊருச் சனத்துக்கு முழங்கால் எதுக்கு?"

"தொழுறதுக்கு," என்றார் படகுக்காரர்.

அப்பா அவரிடம் தோட்டத்துக் கதை சொன்னார். "விடிஞ்சதும் பெரட்டுக்குப் போகணுங்க. பெரட்டுக்குப் பிந்துனா அன்னிக்கு வேல இல்ல."

"விடிஞ்சதுமே பெரட்டலா? ஆட்டிறைச்சியா, கோழியா? நல்ல தொரைதான்."

வேலைக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பிரிப்பதைத்தான் நாங்கள் பெரட்டு என்போம். அதில் எதுவும் சாப்பிடக் கிடைக்காது, ஏச்சைத் தவிர. அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"அக்கா, நம்ம கணக்கப்பிள்ள இத்தன வருசத்துல ஒருக்காவது தெரியலன்னு சொல்லியிருக்காரா?"

"அவரு எதுக்குச் சொல்றாரு?"

"தப்பு மட்டும் கெழமைக்கு ஒண்ணு பண்றாரு. இவ சொல்லிட்டா. இவகிட்டப் படிக்கிற புள்ளைங்க பொழச்சுக்கும்."

மடத்தில் அப்பா முதலில் கேட்டது மை எங்கே என்றுதான். பெருவிரலை அழுத்திய அழுத்தில் என் பெயரில் பாதி மறைந்துவிட்டது. சிஸ்டர் அதை மறுபடி எழுதச் சொன்னார். எழுதினேன்.

தை மாதம் தகரப் பெட்டியோடு தனியாகத் தெமோதரைக்குப் போனேன். அத்தை ஸ்டேஷன்வரை வந்தாள். ரயில் அசையும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "பாதையில போ. பாதையில போகாத," என்றாள். எனக்கு விளங்கியது.

பாலத்தடியில் அதே படகு கட்டியிருந்தது. "இதுதானேங்க பாதை?" என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டு ஏறினேன்.